தாமே கட்டும் இலகுரக விமானங்களில் எரிபொருள் தொட்டியின் இடமும் கொள்ளளவும்

ஆய்வுச் சுருக்கம்

தனிமனிதர்கள் தம் வீட்டுக் கொட்டகையிலோ சிறு பட்டறையிலோ கட்டிப் பறக்கும் இலகுரக விமானங்களில் எரிபொருள் தொட்டியை எங்கு அமைப்பது, எவ்வளவு பெரிதாக அமைப்பது என்பவற்றைக் கட்டுபவரே தீர்மானிக்கின்றார். உடற்பகுதியின் முன்புறம், இறக்கையின் உட்புறம், இருக்கையின் பின்புறம் என எந்த இடத்தைத் தேர்ந்தாலும் ஓர் இடர் குறைகையில் வேறோர் இடர் தோன்றுகிறது. அவ்வாறு இடம்பெயரும் இடர் பெரும்பாலும் விமானியின் கைக்கும் கண்ணுக்கும் உரியதாக மாறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 1997ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் நிகழ்ந்த லாங்-ஈஸி விமான விபத்து இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: இலகுரக விமானம், எரிபொருள் தொட்டி, ஈர்ப்பு மையம், பயன்படும் எரிபொருள், தெரிவு வால்வு, லாங்-ஈஸி

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருவர் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ ஒரு விமானத்தின் பெரும்பகுதியைத் தாமே கட்டியிருந்தால், அதனைச் சோதனை வகை விமானமாகப் பதிவுசெய்து பறக்க அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. ‘பெரும்பகுதி’ என்பது பாதிக்கு மேற்பட்ட பணி எனக் கொள்ளப்படுவதால், கட்டுநர்கள் இதனை ஐம்பத்தொரு விழுக்காட்டு விதி எனப் பேச்சுவழக்கில் குறிப்பர். 1953ஆம் ஆண்டு பால் போபெரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் தொடங்கிய சோதனை விமானச் சங்கம் இத்தகைய கட்டுநர்களின் முதன்மையான அமைப்பாக விளங்குகிறது.

தொழிற்சாலையில் உருவாகும் விமானத்திற்கும் இவ்வகை விமானத்திற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, உருவத்தில் அன்று, அதிகாரத்தில் உள்ளது. தொழிற்சாலை விமானம் ஒன்றில் எரிபொருள் வால்வை ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டுமாயினும் அம்மாற்றம் சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றாக வேண்டும். தாமே கட்டுபவருக்கு அக்கட்டாயம் இல்லை. வடிவமைப்பாளரின் வரைபடத்தை விலைக்கு வாங்கிய பிறகு அதனைப் பின்பற்றுவதும் மாற்றுவதும் அவர் விருப்பம். இறுதியில் ஆய்வாளர் ஒருவர் விமானத்தைப் பார்வையிடுகிறார். அதன்பின் குறிப்பிட்ட வான்பரப்பிற்குள் குறிப்பிட்ட மணி நேரம் சோதனைப் பறப்பு நடைபெறுகிறது. இவ்வுரிமைதான் இத்துறையின் உயிர்நாடி. புதிய வடிவங்கள் பல இதிலிருந்தே பிறந்தன. எரிபொருள் தொட்டியைப் பற்றிய பேச்சும் இவ்வுரிமையின் எல்லையைப் பற்றிய பேச்சாகவே அமைகிறது.

ஈர்ப்பு விசையால் இறங்கும் எரிபொருள்

எரிபொருளை எஞ்சினுக்குக் கொண்டுசேர்க்கும் மிக எளிய வழி, தொட்டியை எஞ்சினைவிட உயரத்தில் வைப்பதாகும். மாடியில் உள்ள நீர்த்தொட்டியிலிருந்து கீழ்த்தளக் குழாய்க்கு நீர் வருவது போன்றதே இது. பம்பு வேண்டா, மின்சாரம் வேண்டா, பழுதாக ஒன்றுமில்லை. மின்னசோட்டாவைச் சேர்ந்த பெர்னார்டு பீட்டன்பால் 1920களின் இறுதியில் ஃபோர்டு மாடல்-ஏ மகிழுந்தின் எஞ்சினைப் பொருத்தி உருவாக்கிய ஏர் கேம்பர் விமானம் இம்முறையிலேயே பறந்தது. இன்றளவும் கட்டப்படும் அவ்விமானத்தில் தொட்டி விமானி அறைக்கு முன்புறத்திலோ, தலைக்கு மேலுள்ள இறக்கையின் நடுப்பகுதியிலோ அமைகிறது. பிற்காலத்துச் சோனெக்ஸ் விமானத்தில் தீத்தடுப்புச் சுவருக்கும் கருவிப்பலகைக்கும் இடையில் வார்ப்பு நெகிழித் தொட்டி ஒன்று அமர்ந்திருக்கும்.

மாடித் தொட்டியின் உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. வீடு சாய்வதில்லை, விமானம் சாயும். தொட்டியிலுள்ள எரிபொருளின் மட்டம் கார்புரேட்டரைவிட அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். விமானப் பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 0.72 கிலோகிராம். எனவே கார்புரேட்டரில் கிடைக்கும் அழுத்தம் சுமார் 3.5 கிலோபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்களவே. இனி விமானம் மூக்கை 15 பாகை உயர்த்தி மேலேறுகிறது. கார்புரேட்டர் தொட்டிக்கு ஒரு மீட்டர் முன்னால் இருப்பின், அது தொட்டியை நோக்க 26 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். அரை மீட்டராக இருந்த உயர வேறுபாடு 22 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. எஞ்சின் மிகுதியான எரிபொருளைக் கேட்கும் அதே நேரத்தில் அதனைத் தரும் அழுத்தம் பாதிக்கும் கீழே போகிறது.

இதன் காரணமாகவே சான்றிதழ் பெறும் சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதிகள், ஈர்ப்பு விசையால் இயங்கும் அமைப்பில் எரிபொருள் ஓட்டம், புறப்பாட்டின்போது எஞ்சின் செலவிடும் அளவைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என நெடுங்காலம் வரையறுத்திருந்தன. பம்பு உள்ள அமைப்பிற்கு ஒன்றேகால் மடங்கு போதும். தாமே கட்டுபவரை இவ்விதி கட்டுப்படுத்தாது எனினும், அறிந்த கட்டுநர்கள் வால் சக்கரத்தைக் குழியில் இறக்கியோ மூக்கைத் தூக்கி நிறுத்தியோ, கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு பெட்ரோல் வாளியில் விழுகிறது என்று அளந்து பார்ப்பர். பறப்பிற்கு முன் செய்யும் சோதனைகளில் இதைவிடச் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் வேறில்லை எனலாம்.

தொட்டிக்குள் காற்று நுழையும் துளையும் இங்குக் கருதத்தக்கது. எண்ணெய் டின்னில் ஒரே துளை இட்டால் எண்ணெய் விக்கி விக்கி வரும். எதிர்ப்புறம் மற்றொரு துளை இட்டால் சீராக ஒழுகும். விமானத் தொட்டிக்கும் அதுவே நியதி. அத்துளையில் குளவி மண்கூடு கட்டி அடைத்தால், நிறைந்த தொட்டியும் எரிபொருளைத் தர மறுக்கும்.

முன்புறத் தொட்டியின் உண்மையான குறை வேறு. விபத்தில் விமானம் மூக்கு மோதி நின்றால், தொட்டி உடைந்து பெட்ரோல் விமானியின் மடியிலும் கால்களிலும் கொட்டுகிறது. ஒருபுறம் சூடான எஞ்சின், மறுபுறம் மனிதர், இடையில் தொட்டி என்னும் இவ்வமைப்பைக் கட்டுநர் பலர் ஏற்கத் தயங்குகின்றனர். எரிபொருளை மனிதரிடமிருந்து விலக்க வேண்டும் என்ற அவ்வெண்ணம் இயல்பானது. விலக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதே வினா.

இறக்கைக்குள் செல்லும் தொட்டி

ரிச்சர்டு வான்கிரன்ஸ்வன் வடிவமைத்த ஆர்வி வரிசை விமானங்கள் உலகில் மிகுதியாகக் கட்டப்படும் வகையைச் சார்ந்தவை. அவற்றில் இறக்கையின் முன்விளிம்பே தொட்டியாக அமைகிறது. அலுமினியத் தகடுகளைத் தறையாணிகளால் இணைத்து, இணைப்புகளில் கரிய பசை போன்ற அடைப்பானைப் பூசிக் கசிவின்றி மூடுவர். இவ்வேலையின் நாற்றத்தையும் ஒட்டலையும் பற்றி முணுமுணுக்காத ஆர்வி கட்டுநர் அரிது. ஆர்வி-7 விமானத்தில் இரு தொட்டிகளும் சேர்ந்து 42 அமெரிக்கக் கேலன், அதாவது 159 லிட்டர் கொள்ளும்.

இறக்கைத் தொட்டியால் விளையும் நன்மைகள் பல. எரிபொருள் மனிதர்களிடமிருந்து விலகுகிறது. விமானத்தின் ஈர்ப்பு மையத்திற்கு அருகிலேயே எடை அமைவதால் எரிபொருள் குறையக் குறைய விமானத்தின் சமநிலை பெரிதும் மாறுவதில்லை. மூன்றாவது நன்மை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கித் தூக்குகிறது. உடற்பகுதியின் எடை நடுவில் கீழ்நோக்கி இழுக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையில் இறக்கை வேர்ப்பகுதியில் வளைய முற்படுகிறது. எரிபொருளின் எடை இறக்கையிலேயே பரவியிருந்தால் அவ்வளைவு குறைகிறது. அதே எடை உடற்பகுதியில் இருந்தால் வளைவு கூடுகிறது.

ஆயினும் தாழ்ந்த இறக்கையில் உள்ள எரிபொருள் தானாக எஞ்சினுக்கு ஏறிவராது. எஞ்சினால் இயங்கும் பம்பு ஒன்றும், அது பழுதானால் உதவ மின்பம்பு ஒன்றும் தேவைப்படுகின்றன. பம்பு உறிஞ்சும்போது குழாயினுள் அழுத்தம் குறைகிறது. வெப்ப நாளில் சூடேறிய குழாயில் பெட்ரோல் ஆவிக்குமிழிகளாக மாறி ஓட்டத்தைத் தடுக்கவும் கூடும்.

இதனினும் முக்கியமான விளைவு ஒன்று உண்டு. உயர்ந்த இறக்கையுடைய விமானத்தில் இரு தொட்டிகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கலாம். இரண்டிலிருந்தும் எரிபொருள் தன் எடையால் இறங்கும். உறிஞ்சும் அமைப்பில் அது இயலாது. இரண்டு இளநீரில் இரண்டு உறிஞ்சுகுழல்களை இட்டு இரண்டையும் ஒருசேர வாயில் வைத்து உறிஞ்சினால், ஒன்று தீர்ந்த உடனே அதன் வழியே காற்றுதான் வரும். மற்றதில் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. ஆகவே இத்தகைய விமானங்களில் ‘இடது’, ‘வலது’, ‘மூடு’ என்னும் நிலைகளையுடைய தெரிவு வால்வு ஒன்று இன்றியமையாததாகிறது. விமானி ஒரு தொட்டியிலிருந்து சிறிது நேரமும் மற்றதிலிருந்து சிறிது நேரமும் மாறிமாறி எரிபொருளை எடுக்க வேண்டும். அதனை நினைவில் வைக்க வேண்டும். இரு தொட்டிகளின் அளவையும் பார்க்க வேண்டும். வால்வை எட்டித் திருப்ப வேண்டும். தீயைப் பற்றிய இடரைக் குறைத்த அதே முடிவு, நினைவு, கண், கை ஆகிய மூன்றின் மீதும் புதிய சுமையை ஏற்றிவிட்டது.

கொள்ளளவும் எடையும்

‘கொள்ளளவு’ என்னும் தமிழ்ச்சொல் ஒரு தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்கிறது. எவ்வளவு தரும் என்பதைச் சொல்வதில்லை. விமானவியலில் இவ்விரண்டும் வேறு. தொட்டியின் அடியில் வெளியேறும் வாய்க்குக் கீழே தங்கும் எரிபொருள் எஞ்சினுக்கு வராது. விமானம் திரும்பும்போதும் பக்கவாட்டில் சறுக்கும்போதும் எரிபொருள் ஒரு புறமாக ஒதுங்கி, வாய் காற்றில் திறந்து நிற்கலாம். இதனைத் தடுக்கத் தொட்டிக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகளும், அடியில் சிறு குழியும் அமைக்கப்படுகின்றன. அவ்வாறு அமைத்தும் எஞ்சுவதைக் கழித்து வருவதே ‘பயன்படும் எரிபொருள்’. பயண நேரத்தைக் கணிக்க அவ்வெண்ணை மட்டுமே நம்ப வேண்டும்.

நூறு குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று முக்கால் திறனில் இயங்கும்போது மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் செலவிடும். பகலில் கண்பார்வை விதிப்படி பறப்பவர், சேருமிடத்தை அடைந்த பின்னும் முப்பது நிமிடம் பறக்கத் தேவையான எரிபொருளை இருப்பில் வைத்திருக்கும்படி புறப்பட வேண்டும் என்பது அமெரிக்க விதி. இக்கணக்குப்படி 80 லிட்டர் பயன்படும் எரிபொருள் மூன்றரை மணி நேரப் பறப்பைத் தரும். பெரும்பாலோரின் முதுகும் பொறுமையும் அதற்குள் தீர்ந்துவிடும் என்பதைக் கட்டுநர்கள் பலர் தொட்டியைக் கட்டி முடித்த பிறகே உணர்கின்றனர்.

ஆயினும் பெரிய தொட்டிமீதுள்ள ஆசை விடுவதில்லை. ஆர்வி-7 விமானத்தின் 159 லிட்டர் எரிபொருள் 114 கிலோகிராம் எடையுடையது. அது நன்கு வளர்ந்த ஒரு மனிதரின் எடையைவிட மிகுதி. தொட்டி நிறைந்தால் இருக்கை ஒன்று காலியாக வேண்டிய நிலை பல விமானங்களில் உண்டு. கூடுதல் தொட்டியை இருக்கைக்குப் பின்னால் பொருள் வைக்குமிடத்தில் பொருத்தும் பழக்கம் இதனினும் கவலைக்குரியது. எரிபொருளுடன் 600 கிலோகிராம் எடையுள்ள விமானத்தில், ஈர்ப்பு மையத்திற்கு ஒரு மீட்டர் பின்னால் 40 கிலோகிராம் எரிபொருள் வைத்தால் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் பின்னகர்கிறது. இவ்வளவு சிறிய விமானங்கள் பலவற்றில் ஈர்ப்பு மையம் நகர அனுமதிக்கப்படும் மொத்த எல்லையே இருபது சென்டிமீட்டர் அளவினது. எல்லைக்குப் பின்னால் சென்ற விமானம், வேகம் குறைந்து மூக்குத் தூக்கும்போது அதனைத் தானாகத் தாழ்த்தாது. சில வேளைகளில் விமானி முயன்றாலும் தாழ்த்த இயலாது.

கொள்ளளவின் உச்ச எல்லையைக் காண விரும்புவோர் வாயேஜர் விமானத்தைக் காணலாம். பர்ட் ருட்டான் வடிவமைத்து, கலிபோர்னியாவின் மொஹாவி பாலைநிலத்தில் ஒரு சிறு குழுவினர் கட்டிய அவ்விமானம் 1986ஆம் ஆண்டு டிசம்பரில், இடையில் இறங்காமலும் எரிபொருள் நிரப்பாமலும் ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றிவந்தது. டிக் ருட்டான், ஜீனா யேகர் ஆகிய இருவரும் அதனை ஓட்டினர். அதன் 17 தொட்டிகளில் ஏறத்தாழ 3,180 கிலோகிராம் எரிபொருள் இருந்தது. புறப்பட்டபோது விமானத்தின் மொத்த எடையில் அது 72 விழுக்காடு. இறக்கைத் தொட்டி பறக்கும்போது வளைவைக் குறைக்கும் என்று மேலே கூறப்பட்டது. தரையில் அது தலைகீழாகும். தூக்க இன்னும் காற்றில்லாத ஓடுபாதையில் வாயேஜரின் நிறைந்த இறக்கைகள் தொய்ந்து, நுனிகள் தரையில் உராய்ந்து சேதமடைந்தன. திரும்பி இறங்கியபோது தொட்டிகளில் எஞ்சியது 48 கிலோகிராம் அளவே. இடைப்பட்ட நாட்களில் எரிபொருளை ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றிச் சமநிலை காப்பதே விமானிகளின் ஓயாத வேலையாக இருந்தது.

மான்டரே விரிகுடா விபத்து

அதே பர்ட் ருட்டான் வாயேஜருக்கு முன்பு தாமே கட்டுவோருக்கென வரைந்தளித்தது லாங்-ஈஸி என்னும் இருவர் விமானம். 1979ஆம் ஆண்டு முதன்முதலில் பறந்தது. எஞ்சின் பின்புறம், சிறு நிலைப்பு இறக்கை முன்புறம் என வழக்கத்திற்கு மாறான தோற்றமுடையது. விமானி அறையின் இருபுறமும் இறக்கையின் வேர்ப்பகுதி முன்னோக்கி நீண்டு, ஒவ்வொன்றும் 26 கேலன் கொள்ளும் தொட்டியாகிறது. மொத்தம் 52 கேலன், ஏறத்தாழ 197 லிட்டர். சிறிய எஞ்சினுடைய விமானத்திற்கு இது மிகப் பெரிய அளவு. தொட்டிகள் ஈர்ப்பு மையத்தை ஒட்டி அமைவதால் சமநிலை குறித்த கவலையும் இல்லை. ஏட்டளவில் பார்த்தால் தொட்டியின் இடத்திற்கு இதைவிடச் சிறந்த விடை கிடைப்பது அரிது.

ருட்டானின் வரைபடத்தில் தெரிவு வால்வின் கைப்பிடி விமானியின் கால்களுக்கிடையில், கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் உள்ளது. எஞ்சின் பின்னால் இருப்பதால் எரிபொருள் குழாய்கள் தொட்டியிலிருந்து முன்னோக்கி விமானி அறைக்குள் வந்து, வால்வைக் கடந்து, மீண்டும் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஒரு கட்டுநர் இதனை விரும்பவில்லை. விமானி அறைக்குள் எரிபொருள் வரக்கூடாது என்பது அவர் எண்ணம். எனவே வால்வை எஞ்சினுக்கு அருகில் பின்னால் வைத்து, அதனை இயக்கும் கைப்பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரில் பொருத்தினார். தீயைப் பற்றி மட்டும் சிந்தித்தால் இம்முடிவில் பிழை காண இயலாது. அவர் அக்கறையின்றிச் செய்தார் என்று சொல்வதும் நேர்மையாகாது.

அவ்விமானம் பின்னர் கைமாறி, அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வரிடம் வந்தது. அவர் 2,700 மணி நேரத்திற்கு மேல் பறந்த அனுபவம் உடையவர். ஆனால் இவ்வகை விமானத்தில் அவருக்கு இருந்த பழக்கம் மிகச் சிறிது. 1997 அக்டோபர் 12 அன்று மாலை மான்டரே விமான நிலையத்தில் அவர் புறப்பட ஆயத்தமானபோது, அங்கிருந்த பராமரிப்புப் பணியாளரும் அவரும் கைப்பிடி எட்டாமையையும் அது இறுக்கமாகத் திரும்புவதையும் பேசிக்கொண்டனர். கைப்பிடியை நீட்டுவதற்காகப் பற்றுக்குறடு ஒன்றை அதில் கவ்வவைத்துப் பார்த்தனர், பயன்படவில்லை. எரிபொருள் அளவைக் காட்டும் சாளரங்கள் பின்னிருக்கைப் பகுதியில் இருந்தன. முன்னால் அமர்ந்தவர் காண இயலாது என்பதால் பணியாளர் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்துதவினார். வலப்புறத் தொட்டியில் பாதிக்கும் குறைவு, இடப்புறத் தொட்டியில் காலுக்கும் குறைவு என்பது பணியாளரின் மதிப்பீடு. ஒரு மணி நேரமளவே பறக்கப்போவதாகக் கூறி டென்வர் எரிபொருள் நிரப்ப வேண்டாம் என்றார்.

மூன்று முறை ஓடுபாதையைத் தொட்டு எழும்பிப் பயிற்சி செய்தபின், அவர் கடற்கரையை நோக்கிச் சென்றார். பசிபிக் குரோவ் அருகே, சில நூறு அடி உயரத்தில், எஞ்சின் ஓசை மாறியதைக் கரையில் நின்றோர் சிலர் கேட்டனர். விமானம் வலப்புறம் சாய்ந்து மூக்குக் கவிழ்ந்து கடலில் விழுந்தது. டென்வர் உயிரிழந்தார்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இவ்விபத்தை ஆராய்ந்தபோது, தொட்டியை மாற்ற விமானி என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைச் செய்து பார்த்தது. வலக்கையைக் கட்டுப்பாட்டுத் தண்டிலிருந்து எடுக்க வேண்டும். தோள்பட்டையைத் தளர்த்த வேண்டும். மேலுடலை இடப்புறமாகத் தொண்ணூறு பாகை திருப்ப வேண்டும். பின்னரே கைப்பிடியைத் திருப்ப இயலும். அவ்வாறு திரும்பும்போது உடலைத் தாங்கிக்கொள்ள வலக்கால் தன்னையறியாமல் வலப்புறச் சுக்கான் மிதியை அழுத்துகிறது. சாட்சிகள் கண்ட வலப்புறச் சாய்வுக்கு இது பொருந்திவந்தது. கைப்பிடியின் நிலைகளுக்கு எழுத்துக் குறியோ அடையாளமோ எதுவும் இல்லை.

கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, தன்னையறியாமல் வலப்புறச் சுக்கானை அழுத்திக் கட்டுப்பாட்டை இழந்ததையும், எரிபொருள் நிரப்பாமல் சென்றதையும் வாரியம் விபத்தின் காரணங்களாக அறிவித்தது. குறியற்ற கைப்பிடியை எட்டாத இடத்தில் வைத்த கட்டுநரின் முடிவு, குறியற்ற அளவுச் சாளரங்கள், விமானியின் போதாப் பயிற்சி, இவ்வகை விமானத்தில் அவருக்கிருந்த அனுபவக் குறைவு ஆகியவற்றைத் துணைக் காரணிகளாகச் சேர்த்தது. பொறுப்பைப் பகுக்கும் நோக்கில் இவ்வரிசை பொருத்தமானதே. ஆனால் விமானம் கட்ட முற்படும் ஒருவருக்குப் பின்வரிசையே மிகுதியான பாடம் உடையது. விமானியின் பிழை அன்றைய மாலைக்குரியது. கைப்பிடியோ பல ஆண்டுகளாக அச்சுவரில் காத்திருந்தது.

கட்டியவருக்கு அக்கைப்பிடி ஓர் இடராக இருந்திருக்க வாய்ப்பில்லை என்பதும் கருதத்தக்கது. தாம் வைத்ததை அவர் கண்ணை மூடிக்கொண்டும் எட்டியிருப்பார். எந்நிலை எத்தொட்டிக்குரியது என்பது அவருக்கு எழுதித் தெரிய வேண்டியதன்று. தாமே கட்டும் விமானத்தின் பயன்முறை பாதி வரைபடத்திலும் பாதி கட்டியவரின் தலைக்குள்ளும் இருக்கிறது. விமானம் விற்கப்படும்போது வரைபடம் கைமாறுகிறது. தலைக்குள் இருப்பது கைமாறுவதில்லை. தொழிற்சாலை விமானத்தில் இவ்விடைவெளியை நிரப்புபவை கட்டாயக் குறியீடுகளும் கையேடும் ஆகும். சோதனை வகை விமானத்தில் அவற்றை எழுதும் பொறுப்பும் கட்டுநருடையதே.

அளவியை அளத்தல்

லாங்-ஈஸி விபத்தில் அளவுச் சாளரங்கள் பெற்ற பங்கு சற்று விரிவாகக் காணத்தக்கது. வாரியத்தின் ஆய்வில் அச்சாளரங்களில் தெரியும் மட்டமும் தொட்டியிலிருந்த அளவும் நேர்விகிதத்தில் இல்லை என்பது தெரியவந்தது. காரணம் தொட்டியின் வடிவம். செவ்வகப் பெட்டியில் பாதி உயரம் என்பது பாதி அளவு. கீழே குறுகி மேலே விரியும் ஆப்பு வடிவத் தொட்டியில் அவ்வாறன்று. எடுத்துக்காட்டாக, ஒரு புனல்போல் இருபக்கமும் சரிந்து அடியில் கூராக முடியும் நீண்ட தொட்டியில் பாதி உயரத்திற்கு எரிபொருள் நின்றால், உள்ளே இருப்பது முழு அளவில் கால் பங்கே. கால் உயரத்திற்கு நின்றால் பதினாறில் ஒரு பங்கு. கண் பாதி என்று காண்பதைக் கை கால் என்று அளக்கும். இறக்கையின் வளைவோடு ஒட்டி அமையும் எந்தத் தொட்டியிலும் இத்தகைய வேறுபாடு ஏதேனும் ஓரளவில் இருந்தே தீரும்.

விமானம் நிற்கும் நிலையும் இதில் சேர்கிறது. லாங்-ஈஸி விமானத்தை ஆளின்றி நிறுத்தும்போது முன்சக்கரத்தை மடித்து, மூக்குத் தரையைத் தொடும்படி சாய்த்து வைப்பதே வழக்கம். அந்நிலையில் எரிபொருள் தொட்டியின் முன்மூலைக்கு ஓடிவிடும். சாளரத்தில் தெரிவது பறக்கும் நிலைக்குரிய மட்டமன்று. வால்சக்கர விமானங்களில் இதற்கு நேர்மாறாக எரிபொருள் பின்மூலைக்குச் செல்லும். ஆகவே ஒரு விமானத்திற்கு இரண்டு அளவுகோல்கள் தேவைப்படுகின்றன: தரையில் நிற்கும்போது ஒன்று, மட்டமாகப் பறக்கும்போது மற்றொன்று.

இவற்றைக் குறிக்க நுண்கருவி எதுவும் வேண்டியதில்லை. தொட்டியை முற்றிலும் வடித்துவிட்டு, விமானத்தைப் பறக்கும் நிலையில் மட்டமாக முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். அளந்த கலத்தால் பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் மட்டம் அசைவின்றி அமர்ந்தபின் சாளரத்தின் ஓரத்தில் அழியாத கோடிட்டு எண்ணை எழுத வேண்டும். பின்னர் நிறுத்தும் நிலையில் அதே வேலையை மீண்டும் செய்து, வேறு நிறத்தில் குறிக்க வேண்டும். வடிக்கும்போது குழாயின் வழி வராமல் அடியில் தங்கியதையும் அளந்து, அதனைக் கணக்கிலிருந்து கழித்து, ‘பயன்படுவது இவ்வளவு’ என மூடியின் அருகே எழுதிவைக்க வேண்டும். வால்வின் ஒவ்வொரு நிலைக்கும் பெயர்ப்பலகை பொறிக்க வேண்டும். இறுதியாக, விமானத்தைக் கட்டுவதில் பங்குபெறாத ஒருவரை முன்னிருக்கையில் அமர்த்தி, தோள்பட்டையை இறுக்கிக் கட்டி, எதுவும் சொல்லாமல், இடப்புறத் தொட்டிக்கு மாற்றும்படி கேட்டுப் பார்க்க வேண்டும். அவர் கை எங்கே தேடுகிறது, அவர் கால் எதை மிதிக்கிறது என்பவற்றைக் கட்டுநர் அருகில் நின்று கவனிக்க வேண்டும்.